14.23, 14.25: பொய் சொன்னது எங்கள் விரல்



ஊர் உறவுகளே, இது நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஏச வேண்டாம். பிள்ளைகளின் பெயரை நாங்கள் எழுதவில்லை. கொமென்ட்டில் யாரும் எழுதவும் வேண்டாம்.

இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் 100 மீற்றர் ஓட்டத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் கூட என்பதால் இரண்டு சுற்று வைத்தோம். இறுதி ஓட்டம் வைக்க முதல் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறாகிவிட்டது. இரண்டு சுற்றிலும் முதலாவதாக வந்த இரு பிள்ளைகளின் நேரத்தை ஒப்பிட்டு, குறைந்த நேரம் எடுத்தவருக்கு முதலாமிடம் கொடுப்போம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு 14.23 செக்கன். மற்றப் பிள்ளைக்கு 14.25 செக்கன். ஒருவருக்குக் கேடயமும் வலயமட்டப் போட்டிக்கான இடமும் கிடைத்தன. மற்றவருக்கு ஒரு சான்றிதழ்.

இரண்டாம் பிள்ளையின் வாப்பா மறுநாள் வந்தார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சேர், ரெண்டு புள்ளயும் ஒண்டா ஓடல்லயே. ரெண்டு பேர்ட நேரத்தையும் ஒரே ஆள்தான் புடிச்சாரா?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒரே ஆள் பிடிக்கவில்லை. முதல் சுற்றுக்கு ஒருவர், இரண்டாம் சுற்றுக்கு இன்னொருவர். அந்த இருவரும் இந்தப் பதிவை எழுதும் எங்களுக்குள்தான் இருக்கிறோம். ஆகவே இது மற்றவர் மேல் பழி போடும் பதிவல்ல. முதலில் எங்கள் மேல்தான்.

அதற்குப் பிறகு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த பதில்கள்தான் எங்களை எழுத வைத்தன. "ஸ்டொப்வாட்ச்சே சொல்லிட்டுது, பிறகென்ன?" "0.02 செக்கனுக்கு இவ்வளவு கதையா?" "பொம்புளப் புள்ளதானே, ஓடி என்ன செய்யப் போறா?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் விட்டால் நாங்கள் ஆசிரியர்கள் இல்லை.

முதலாவது, ஸ்டொப்வாட்ச் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது எங்கள் பெருவிரல்.

உங்கள் கையில் இருக்கும் போனை எடுங்கள். ஸ்டொப்வாட்ச்சைத் தட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே சரியாக 10.00இல் நிறுத்திப் பாருங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். எத்தனை தடவை 10.00 வந்தது? எண் உங்கள் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல் இப்படித் தவறுகிறதென்றால், 100 மீற்றருக்கு அப்பால் தட்டும் பலகையையும், கோட்டைத் தாண்டும் ஒரு பிள்ளையின் நெஞ்சையும் பார்த்து அழுத்தும் விரலுக்கு இரண்டாம் தசமத்தானம் எப்படித் தெரியும்? மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க ஏறக்குறைய 0.2 செக்கன் எடுக்கும். ஓட்டம் முடியும்போது இன்னொரு கோளாறு. பிள்ளை வருவது தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். கையால் பிடிக்கும் நேரம் மின்னியல் நேரத்தைவிடக் குறைவாக வருவதற்கு இதுவே காரணம். 100 மீற்றர் ஓட்டத்தில் இரண்டையும் ஒப்பிடும்போது 0.24 செக்கன் கூட்டிப் பார்ப்பது மெய்வல்லுனர் உலகின் வழக்கம். அதாவது விரலின் தவறு 0.24 என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் 0.02ஐ வைத்து ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினோம்.

இன்னும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்களில் ஒருவர் பலகை மூடுவதைக் கண்ணால் பார்த்து அழுத்தினார். மற்றவர் "டப்" என்ற சத்தம் கேட்டு அழுத்தினார். நமது வெப்பநிலையில் ஒலி 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.29 செக்கன் எடுக்கும். சத்தம் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் ஓடத் தொடங்கியிருப்பார்கள். 14.23 எழுதியவர்தான் சத்தம் கேட்டு அழுத்தியவர்.

அப்படியென்றால் மற்றப் பிள்ளைதான் வென்றாள் என்கிறோமா? இல்லை. அதையும் எங்களால் சொல்ல முடியாது. எங்கள் அளவீட்டில் எந்தப் பதிலும் இல்லை என்பதுதான் உண்மை. கேடயம் வாங்கிய பிள்ளை மேல் ஒரு துளி குற்றமும் இல்லை. அவள் தன்னால் இயன்ற மட்டும் ஓடினாள். இரு பிள்ளைகளும் நேர்மையாக ஓடினார்கள். அளந்த நாங்கள்தான் நேர்மையாக அளக்கவில்லை.

"இவ்வளவு காலமும் கையாலதானே பிடிச்சோம்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் பிடிப்பதற்கும் சர்வதேச விதி இருக்கிறது. முதலிடத்துக்கு மூன்று நேரக்கணிப்பாளர்கள் வேண்டும். மூவரில் இருவருக்கு ஒரே நேரம் வந்தால் அதுதான் நேரம். மூன்றும் வேறென்றால் நடுவிலுள்ளது. தொடக்கத்தைச் சத்தத்தால் அல்ல, துப்பாக்கியின் புகையையோ வெளிச்சத்தையோ பார்த்து எடுக்க வேண்டும். இரண்டாம் தசமத்தானத்தை எழுதக் கூடாது. அடுத்த பத்தில் ஒன்றுக்கு உயர்த்தி எழுத வேண்டும். இந்த விதிப்படி 14.23 என்ன? 14.3. 14.25 என்ன? அதுவும் 14.3. இருவரும் சமம்! விதிப்புத்தகத்தை ஒரு தடவை திறந்திருந்தால் அந்த வாப்பா பாடசாலைப் படி ஏறியிருக்கவே மாட்டார். இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

விரலை நம்பக் கூடாது என்று உலகம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு நேரம் பிடித்த மூவருமே அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிட்டைவிடக் குறைந்த நேரத்தைத்தான் எழுதினார்கள். ஆனால் தங்கம் டெவிட்டுக்குப் போனது. நடுவர்களின் கண் ஒன்று சொன்னது, கடிகாரங்கள் வேறொன்று சொல்லின. அந்தச் சர்ச்சை இன்றுவரை பேசப்படுகிறது. 1977 ஜனவரி 1 முதல் 400 மீற்றர் வரையான ஓட்டங்களில் உலக சாதனைக்கு மின்னியல் நேரம் கட்டாயமானது. தூரம் போவானேன்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நமது நாட்டின் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அவருக்கு முன்னால் வந்த பஹாமாஸ் வீராங்கனைக்கு 22.27. வித்தியாசம் 0.01 செக்கன். அதை யாரும் மறுக்க முடியாததற்குக் காரணம், அதை ஒரு பெருவிரல் அளக்கவில்லை.

"0.02 செக்கனுக்கு இவ்வளவு கதையா?" என்று கேட்டவரே, அதில் பாதி வித்தியாசத்துக்காக ஒரு நாடே அழுதது.

இப்போது அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம்.

எங்கள் விஞ்ஞானக் கழகத்தின் தரம் 10, 11 பிள்ளைகள் போட்டிக்கு முன்னமே ஒரு நேரப்பெட்டி செய்திருந்தார்கள். ஏற்பாட்டுக் குழுவிடம் கொண்டுபோனோம். "இது விளையாட்டுச் சாமான் சேர், கண்காட்சிக்கு வைப்போம்" என்று ஓரமாக வைக்கச் சொன்னார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். அது எங்கள் இரண்டாவது தவறு.

அது விளையாட்டுச் சாமானா என்று நீங்களே பாருங்கள். உள்ளே இருப்பது ஆர்டுயினோ ஊனோ. அதன் நுண்கட்டுப்படுத்தி ஏடிமெகா328பி என்ற சில்லு. அதன் மணித்துடிப்பு ஒரு செக்கனுக்கு 1 கோடி 60 இலட்சம். அதை எட்டால் பிரித்து ஒரு எண்ணிக்கு அனுப்பினால், அந்த எண்ணி செக்கனுக்கு 20 இலட்சம் தடவை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு எண்ணிக்கை என்பது அரை மைக்ரோசெக்கன். தொடக்கத்தில் எண்ணி எவ்வளவு காட்டியது, முடிவில் எவ்வளவு காட்டியது, இரண்டையும் கழித்தால் இடைப்பட்ட காலம். மின்சார மீற்றரை மாதம் மாதம் வாசித்து முந்திய எண்ணைக் கழிப்பதும் இதே கணக்குத்தான்.

தொடக்கம் எப்படித் தெரியும்? தட்டும் பலகை இரண்டிலும் செப்புத் தகடு ஒட்டினார்கள். பலகை மூடும்போது சுற்று பூர்த்தியாகும். அங்கிருந்து முடிவுக்கோடு வரை வயர். சத்தம் நடந்து வரத் தேவையில்லை. முடிவுக்கோட்டில் நெஞ்சு உயரத்தில் ஒரு லேசர் கதிர். எதிரே ஒரு போட்டோ ட்ரான்சிஸ்டர். பிள்ளை கதிரை மறைக்கும்போது அடுத்த சமிக்ஞை வரும். இரண்டு சமிக்ஞையும் சில்லின் ஒரே காலுக்கு வருகின்றன. அந்தக் காலில் சமிக்ஞை வந்த கணமே எண்ணியின் பெறுமானத்தைச் சில்லு தானாகவே பிரதி எடுத்து வைத்துவிடும். புரோகிராம் வேறு வேலையில் இருந்தாலும் பரவாயில்லை. தபாலகத்தில் கடிதம் வந்தவுடன் திகதி முத்திரை விழுகிறதல்லவா? பிறகு எப்போது பிரித்து வாசித்தாலும் முத்திரை மாறாது. அதுபோல.

எண்ணி 65,535 வரைதான் எண்ணும். பிறகு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 32.768 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை இது நடக்கும். 14 செக்கன் ஓட்டத்தில் ஏறக்குறைய 427 தடவை. அத்தனையையும் தனியே எண்ணி வைக்க வேண்டும். கடைசி எண் தொடக்க எண்ணைவிடச் சிறிதாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டாள். இன்னொரு பிள்ளை சொன்ன பதில் எங்களுக்கே தோன்றவில்லை: "நோன்பு காலத்துல ராவு 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு ஸஹருக்கு எழும்புறோமே. 4இல இருந்து 11 போனா கழித்தல் 7. அதோட 12ஐக் கூட்டினா 5 மணித்தியாலம். அதேதான் இதுவும்." இரும எண்களின் கழித்தலை இதைவிடத் தெளிவாக எந்த டியூஷன் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

பெட்டி முதல் நாளே சரியாக வேலை செய்யவில்லை. அதையும் மறைக்க மாட்டோம். பலகைத் தகடுகள் மோதியதும் ஓரிரு தடவை துள்ளின. அந்தத் துள்ளலை முடிவுக்கோடு என்று எண்ணி, தட்டிய மறுகணமே ஓட்டம் முடிந்ததாகப் பெட்டி காட்டியது. தொடக்கத்துக்குப் பிறகு முதல் ஒரு செக்கனுக்கு வரும் சமிக்ஞைகளைப் பொருட்படுத்தாதே என்று எழுதித் திருத்தினார்கள். அடுத்தது 400 மீற்றர். மில்லிசெக்கன் கணக்கைச் சிறிய மாறியில் போட்டிருந்தார்கள். அது 32,767க்கு மேல் தாங்காது. சரியாக 70 செக்கன் ஓடினால் 70,000இலிருந்து 65,536 கழிந்து 4,464 மிஞ்சும். 400 மீற்றரை நாலரைச் செக்கனில் ஓடிய பிள்ளை நமது ஊரில் இருக்கிறான் என்று சிரித்தோம். பிறகு பெரிய மாறிக்கு மாற்றினார்கள். யூடியூபில் இருந்து கொபி பண்ணிய கோட் என்று நக்கலடித்தவர்களே, கொபி பண்ணியவனுக்கு இந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. இதைப் பிள்ளைகளே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இந்த போர்ட்டில் துடிப்பைக் கொடுப்பது ஒரு செரமிக் துண்டு. அதில் 0.5 சதவீதம் வரை வழு இருக்கலாம். 14 செக்கனுக்கு 0.07 செக்கன். ஆகவே திரையில் ஆறு தசமத்தானம் வந்தாலும் அத்தனையும் உண்மை என்று நம்பக் கூடாது. ஆனால் ஒரே பெட்டி, ஒரே நாள், அடுத்தடுத்து இரண்டு சுற்று என்றால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வழுதான் வரும். யார் முந்தி என்ற ஒப்பீடு கெடாது. நேரத்தையே சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லின் செக்கன் துடிப்போடு பெட்டியை ஒப்பிட்டுத் திருத்தலாம். அந்தச் சில்லு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பிசகும். அந்த வேலையைத்தான் பிள்ளைகள் இப்போது செய்கிறார்கள். ஒரே கதிர் என்பதால் முதலாவதாக வருபவரின் நேரத்தை மட்டும்தான் பெட்டி பிடிக்கும். இரண்டாம், மூன்றாம் இடத்துக்கு இன்னும் கண்தான். வீசிய கை முதலில் கதிரை மறைத்தால் அதையும் நெஞ்சு என்றே எண்ணும். இதுவும் அந்தத் தாளில் இருக்கிறது.

தன் கருவியின் குறையைத் தானே எழுதி ஒட்டும் பிள்ளையை நாம் ஓரமாக வைத்தோம். தன் விரலின் குறையை மறைத்து 14.23 என்று எழுதிய எங்களை மேடையில் உட்கார வைத்தோம். இதுதான் நமது ஊர்.

"ஓ/எல் எழுதுற பிள்ளைகளின் நேரத்தை வீணாக்குறீங்க" என்று சில பெற்றோர் சொல்கிறீர்கள். உங்கள் கவலை எங்களுக்குப் புரியும். ஆனால் பாஸ் பேப்பரில் வரும் மீடிறன், ஆவர்த்தன காலம், வழு, இரும எண், ட்ரான்சிஸ்டர் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. பேப்பரில் விடை பிழைத்தால் சிவப்புப் புள்ளடி விழும். பெட்டியில் பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று தேட வேண்டி வரும். வித்தியாசம் அதுதான்.

"பொம்புளப் புள்ளதானே" என்றவருக்கு ஒன்று கேட்கிறோம். உங்கள் மகள் கடையில் ஒரு கிலோ சீனி வாங்கினால், பொம்புளப் புள்ளதானே என்று 950 கிராம் நிறுத்துக் கொடுப்பதை ஏற்றுக்கொள்வீர்களா? அளவை நிறுவையில் மோசடி செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. அதைச் சிறு பிள்ளைகளுக்கு ஓதக் கொடுக்கிறோம். அந்த எச்சரிக்கை தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும்தானா? ஸ்டொப்வாட்ச் பிடிக்கும் ஆசிரியருக்கும் இல்லையா? அவள் வலயத்துக்குப் போகிறாளா இல்லையா என்பது அவளும் உம்மாவும் வாப்பாவும் எடுக்கும் முடிவு. அவள் ஓடிய நேரத்தைச் சரியாக எழுதுவது எங்கள் கடமை. ஒன்றை மற்றதால் மறைக்க வேண்டாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை அல்ஜஸரியின் யானைக் கடிகாரப் படத்தைப் பகிர்ந்து "அன்றே முஸ்லிம்கள்" என்று பெருமை பேசுவோம். நாங்களும் பகிர்ந்திருக்கிறோம். அல்ஜஸரி 1206இல் தன் நூலை முடித்தபோது ஒவ்வொரு கருவியையும் எப்படிச் செய்வது என்று அளவுகளோடு எழுதி வைத்தார், மற்றவர்களும் செய்ய வேண்டும் என்பதற்காக. திமிஷ்கின் உமையாப் பள்ளிவாசலில் இப்னு ஷாத்திர் முவக்கித்தாக இருந்தார். நேரத்தைக் கணிப்பதற்கென்றே பள்ளிவாசலில் ஒரு பதவி! 1371இல் அவர் அங்கே சூரியக் கடிகாரம் செய்து வைத்தார். அவர்களின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே வேலையை நமது ஊரில் செய்யும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "ஓரமா வை" என்கிறோம். இதற்குப் பெயர் பெருமை இல்லை.

பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அதிதிகளின் பொன்னாடைக்கும் காசு இருந்தது. இந்தப் பெட்டிக்கான சாமான்களை வாங்கியது பிள்ளைகளின் சேமிப்பில்.

ஏசியது போதும். கேட்பதைக் கேட்கிறோம்.

ஒன்று. அந்த 100 மீற்றர் முடிவை இணை முதலாமிடம் என்று திருத்த வேண்டும். விதிப்படி இருவருக்கும் 14.3. எழுத்து மூலம் அதிபரிடம் கொடுத்திருக்கிறோம். எங்கள் பிழை என்று கையெழுத்தும் வைத்திருக்கிறோம். வலயத்துக்கு யார் போவது என்பதை இரு பிள்ளைகளையும் ஒன்றாக ஓடவிட்டுத் தீர்மானிப்போம். வேறு எந்த வழியும் நியாயமில்லை.

இரண்டு. இனிமேல் கையால் பிடிக்கும் நேரத்தில் இரண்டாம் தசமத்தானம் எழுதக் கூடாது. முதலிடத்துக்கு மூன்று பேர், பலகையைப் பார்த்து. பாடசாலைச் சாதனைப் பலகையில் ஏற்கெனவே உள்ள இரண்டாம் தசமங்களையும் விதிப்படி உயர்த்தி எழுத வேண்டும். பழைய மாணவர்களே, உங்கள் சாதனையும் அதில் இருக்கலாம். கோபிக்க வேண்டாம்.

மூன்று. வெவ்வேறு சுற்றுகளின் நேரத்தை ஒப்பிட்டு முதலிடம் கொடுக்கக் கூடாது. மழை என்றால் அடுத்த நாள் ஓடலாம்.

நான்கு. அடுத்த வருடம் கை நேரத்தோடு பிள்ளைகளின் பெட்டியும் முடிவுக்கோட்டில் இருக்க வேண்டும். முதல் வருடம் தீர்ப்புக்கு வேண்டாம், ஒப்பிடுவதற்கு மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பகிரங்கமாக ஒட்டுவோம்.

பெட்டியை நம்பச் சொல்லவில்லை. வந்து சோதித்துப் பாருங்கள். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மைதானத்தில் பிள்ளைகள் வயர் போட்டு வைத்திருப்பார்கள். ஸ்டொப்வாட்ச்சோ போனோ எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்களும் நேரம் பிடியுங்கள், பக்கத்தில் இருப்பவரும் பிடிக்கட்டும், பெட்டியும் பிடிக்கட்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதுவோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் ஏற்பாட்டுக் குழுவினரும் கட்டாயம் வர வேண்டும். எங்களை ஏசியவர்கள் முன்வரிசையில் நிற்கலாம்.

அந்த வாப்பாவையும் அழைத்திருக்கிறோம். அவர் கேட்ட கேள்விக்கு அங்கே வைத்துத்தான் பதில் சொல்வோம்.